கல் மேல் கல்

ஜீப் நின்ற பிறகுதான் அந்த ஊரில் சத்தமே இல்லை என்பது அன்புக்கரசிக்கு உறைத்தது.

விடிந்ததிலிருந்து எஞ்சினின் உறுமலும் சக்கரத்தடியில் சரளை நொறுங்கும் ஓசையும் காதை அடைத்திருந்தன. அவை நின்றதும் வேறெதுவும் வந்து அந்த இடத்தை நிரப்பவில்லை. காக்கை இல்லை. இலை அசையவில்லை, அசைய மரமே இல்லை. பொழுது சாயும் வெளிச்சத்தில், எரிந்து தணிந்த சாம்பல் மேடுகளைப் போல மலைகள் நாலாபுறமும் நின்றன. உயரே பாறை விளிம்பில், குளவிக்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது வெள்ளையடித்த புத்த மடம். அதன் கூரையில் கட்டிய கொடித்துணிகள் படபடத்துக்கொண்டிருந்தன. அந்த ஓசைகூட இவ்வளவு தூரம் இறங்கி வரவில்லை.

"ஏனுங்க்கா, ஊரு புடிச்சிருக்குதுங்களா?" என்றபடி மாசாணம் பெட்டியை இறக்கினான். அவளுடைய தம்பி. அன்னூரை விட்டுக் கிளம்பி எங்கெங்கோ அலைந்து, கடைசியில் இமயமலையின் அந்தப் பள்ளத்தாக்கில் சாலை போடும் முகாமில் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தான். வரச்சொல்லி இரண்டு கோடையாக எழுதிக்கொண்டிருந்தவன் அவன்தான். அவளுடைய கணவன் கதிரேசன் தொலைபேசித் துறையில் லைன்மேன். குடும்பத்தோடு ஊர் சுற்றிவரத் துறை கொடுக்கும் பயணச் சலுகை அந்த வருஷம், தொண்ணூற்றாறில், வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்து மகள் எழிலையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"புடிக்கறதுக்கு இங்க என்னத்த வெச்சிருக்கறே மாப்ளே? கல்லும் காத்துந்தான் இருக்குது" என்றான் கதிரேசன். "பனிச்சிறுத்தை காட்டறேன்னு எழுதினியே, அது எங்கே?"

"அது நம்மூரு டவுன் பஸ் மாதிரிங்க மச்சான். காத்திருந்தா வராது. சித்த அசந்தீங்கன்னா போயிருக்கும்."

தங்குவதற்கு மடத்தின் அடிவாரத்தில் ஒரு மண்வீட்டைப் பேசி வைத்திருந்தான். கனத்த சுவர்கள், குனிந்து நுழையும் வாசல், தட்டையான கூரையில் அடுக்கிய சுள்ளி. வீட்டுக்காரிக்கு முப்பது வயதிருக்கலாம். வெயிலும் குளிரும் கன்னங்களை வெடிக்க வைத்திருந்தன. அவள் கதிரேசனைப் பார்க்கவில்லை, அன்புக்கரசியைப் பார்க்கவில்லை. எழிலைத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்து நேராக அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

அன்புக்கரசி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பால்வாடி டீச்சர் வேலைக்கு வந்து, கல்யாணமாகி, பீளமேட்டில் அவர்கள் எத்தனையோ வீடு மாறியாயிற்று. எந்த வீட்டிலும் முதல் மாதம் நன்றாகத்தான் போகும். இரண்டாம் மாதம் வீட்டுக்காரர் மெதுவாக, மரியாதையாக, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார். தோட்டத்தில் கூலிக்குப் போன குடும்பம் என்பது தெரிந்ததும், மகன் வருகிறான், மராமத்து செய்யவேண்டும் என்று ஏதாவது ஒன்று சொல்வார்கள். கடைசி வீட்டில் எழில் அவர்களுடைய தண்ணீர்க் குடத்தில் செம்பை விட்டாள். வீட்டுக்காரம்மா குழந்தை கண்ணெதிரிலேயே குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, "வெளியே போ சாமி" என்றாள். அதட்டவில்லை. இனிமையாகத்தான் சொன்னாள். அன்று இரவு எழில், "அம்மா, நம்மளைப் போகச் சொல்லாத ஊடு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அன்புக்கரசிக்கு வேறு வேண்டுதல் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்றால் அந்த ஒரு சொல்தான் வாயில் வரும். வீடு.

இந்த மண்வீட்டுக்காரி எதுவும் கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பாஷையும் இல்லை. கையை அசைத்து உள்ளே வரச் சொன்னாள். வறுத்த பார்லியை எழிலின் உள்ளங்கையில் கொட்டினாள். படுக்கும்போது தன் சிவப்புக் கம்பளியைக் கொண்டுவந்து குழந்தைக்குப் போர்த்தினாள். கரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பல்பல்லாக நெய்த கம்பளி. ஆட்டு ரோமமும் சாணப்புகையும் கலந்து வாசம் அடித்தது. அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் எழிலுக்குத் தூக்கம் வரும். அன்றும் அப்படித்தான் தூங்கினாள்.

மறுநாள் மடத்துக்கு ஏறினார்கள். இருண்ட மண்டபத்தில் வெண்ணெய் விளக்குகள் எரிந்தன. புகையேறிய சுவரில் பல்லைக் காட்டி நின்ற காவல் தெய்வத்தைப் பார்த்து எழில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் இருவரும் முற்றத்தில் தேநீருக்கு உட்கார்ந்தார்கள். எதிர்ச் சரிவில் மேயும், நீல ஆடு என்று அங்கே சொல்லும் மலையாடுகளைத் துறவி ஒருவர் தன் பைனாகுலரில் காட்டிக்கொண்டிருந்தார். அன்புக்கரசி மகளோடு மடத்தின் பின்பக்கப் பாதையில் நடந்தாள்.

பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் கல்லடுக்கு. கல் மேல் கல், அதன் மேல் சின்னக் கல். அவளுக்கு முகம் மலர்ந்தது. மருதமலையிலும் பழனியிலும் வெள்ளிங்கிரியிலும் படி ஏறும்போதெல்லாம் அவள் செய்வதுதான் அது. சொந்த வீடு வேண்டும் என்பவர்கள் வழியோரத்தில் கல்லடுக்கி வேண்டிக்கொண்டால் மலைச்சாமி வீடு கொடுக்கும். "நீ அடுக்கின கல்லையெல்லாம் ஒட்டுக்கா வண்டியில ஏத்தியிருந்தா இந்நேரம் அஸ்திவாரம் முடிஞ்சிருக்கும் அரசி" என்று கதிரேசன் கேலி செய்வான்.

"பாரு கண்ணு, இங்கேயும் ஆளுக ஊடு வேண்டியிருக்கறாங்க" என்றாள். "நாமளும் ஒண்ணு கட்டிப்போடலாமா?"

இவ்வளவு உயரத்தில் இருக்கும் சாமி எவ்வளவு பெரியதாக இருக்கும். இங்கே வெறும் அடுக்கு போதாது. சுவரும் கதவுமாக வீடே கட்டவேண்டும் என்று தோன்றியது. பாதையோரக் கற்கள் உருண்டையாக இருந்தன. நிற்காமல் உருண்டன. சற்றுத் தள்ளி, ஒரு பள்ளத்தில், ஆள் அமர்ந்திருக்கும் உயரத்துக்கு ஒரு குவியல் இருந்தது. தட்டைக் கற்கள். யாரோ பார்த்துப் பார்த்துப் பொருத்தி வைத்ததுபோல, இடுக்கில்லாமல்.

அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். நான்கு சுவர் வந்தது. எழில் சிரித்துக்கொண்டே வாசல் விட்டாள். உள்ளே அப்பாவுக்கு ஒரு கல், அம்மாவுக்கு ஒரு கல். "இது நானுங்க" என்று எழில் தன் பாவாடைப் பையில் கைவிட்டு வெள்ளைக் கூழாங்கல் ஒன்றை எடுத்து வைத்தாள். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றில் பொறுக்கி, அஞ்சாங்கல் ஆட வைத்திருந்தவற்றில் அழகானது அது.

"இது உன்ற ஊடு கண்ணு. இங்கிருந்து உன்னை ஆரும் போகச் சொல்ல முடியாது."

கூரைக்கு அகலமான கல் ஒன்று வேண்டியிருந்தது. குவியலின் அடியில் ஒன்று இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தாள். அது வந்தது. மேலிருந்த கற்கள் சரிந்து விலகின. இடைவெளியில் ஒரு துணி முனை தெரிந்தது.

சிவப்பு. கரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பல்பல்லாக.

அவள் பார்த்தாள். இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் துணிதான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது எளிதாக இருந்தது. கூரைக் கல்லை எடுத்து வீட்டின் மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிகாலையில் கதிரேசன் கூரையிலிருந்து கூப்பிட்டான். துறவியிடம் வாங்கி வந்த பைனாகுலர் அவன் கையில் இருந்தது. குழந்தை மாதிரிச் சிரித்தான். "அரசி, சீக்கிரம் வா. சிறுத்தை."

எதிர்ப்பாறையில் சாம்பல் நிறத்தில் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. பாறையே நகர்வதுபோல இருந்தது. நீண்ட வால். வாயில் எதையோ கவ்வி இழுத்துக்கொண்டு போனது. கதிரேசன் எழிலைத் தோளில் தூக்கி வைத்து, பைனாகுலரை அவள் கண்ணில் வைத்துப் பிடித்தான்.

"தெரியுதா அம்மணி?"

"தெரியுதுங்க. வாயில செவப்பா வெச்சிருக்குதுங்க" என்று எழில் கை தட்டினாள்.

அப்போதுதான் மேலே, மடத்தின் பின்புறத்திலிருந்து, அந்தக் குரல் எழுந்தது. வீட்டுக்காரியின் குரல். அதில் சொல் எதுவும் இல்லை.

மாசாணம் போய் விசாரித்து வந்து அக்காவிடம் மட்டும் தனியே சொன்னான். சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரிக்கு ஒரு பெண் குழந்தை இருந்ததாம். எழில் வயது. பனி உருகும் சமயத்தில் காய்ச்சலில் போய்விட்டது. எரியூட்டுவதற்கு லாமா குறித்துக் கொடுத்த நாள் வரும்வரை உடலைக் கல்லடியில் வைத்திருந்தார்கள். மிருகம் தோண்டாமலிருக்க ஊரே சேர்ந்து இடுக்கில்லாமல் கல் பொருத்தியது. நேற்று யாரோ கல்லை எடுத்திருக்கிறார்கள்.

"ஆருன்னு தெரியலையாம்" என்றான். அவன் பார்வை அக்காவின் விரல்களுக்கு இறங்கியது. நக இடுக்கில் சாம்பல் நிற மண் இன்னும் இருந்தது. குவியலுக்குப் பக்கத்தில் வாசல் வைத்துக் கட்டிய குட்டி வீட்டை அவன் பார்த்துவிட்டு வந்திருந்தான். சின்ன வயதில் மருதமலைப் படியில் அக்காவோடு உட்கார்ந்து அவனும் அடுக்கியவன்தான்.

அவள் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அன்றே கிளம்பினார்கள். ஜீப் புறப்படும் நேரத்தில் வீட்டுக்காரி வந்தாள். அழுகை வற்றிப்போன முகம். எழிலின் கன்னத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி நெடுநேரம் பார்த்தாள். ஒரு துணியில் வறுத்த பார்லியை முடிந்து அவள் மடியில் வைத்தாள். அன்புக்கரசி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தன்னை அடுப்படிக்குள் விட்ட ஒரே வீட்டுக்காரி அவள்.

ஊர் திரும்பியதும் வீடு வந்தது. நம்பமுடியாத வேகத்தில் வந்தது. சூலூருக்கு வெளியே, விமானப்படைத் தளத்தின் விமானங்கள் தாழப் பறக்கும் இடத்தில், மனை அமைந்தது. கடன் கேட்ட உடனே கிடைத்தது. போர்வெல் போட்டதும் தண்ணீர் வந்தது. கொத்தனார் ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. தை மாதம் பால் காய்ச்சினார்கள். துறை ஊழியர் என்பதால் கையோடு போனும் வந்துவிட்டது. எழில் அறை அறையாக ஓடிச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பின்பக்கத்துச் சின்ன அறை அவளுக்கு.

அந்த அறையில், புதுச் சிமெண்டுத் தரையில், ஒரு காலடி பதிந்திருந்தது. குழந்தையின் வெறுங்கால். ஈரம் காயுமுன் மிதித்தது.

"உம்மகளுக்கு அதுக்குள்ள அவசரம்" என்று கதிரேசன் சிரித்தான். தரை பூசிய அன்று எழில் அன்னூரில் இருந்தாள் என்பது அன்புக்கரசிக்கு நினைவு வந்தது. மகளைக் கூப்பிட்டு அதில் காலை வைக்கச் சொன்னாள்.

பொருந்தவில்லை. அந்தக் கால் குட்டை. விரல்கள் அகலமானவை.

மாசியில் வெயில் ஏறத் தொடங்கியது. மற்ற அறைகளில் மின்விசிறி அனல் காற்றை வாரி இறைத்தது. சின்ன அறையின் தரை மட்டும் மண்பானையின் அடி மாதிரிச் சில்லென்று இருந்தது. நல்ல வீடு கட்டியிருக்கிறான் கொத்தன் என்று கதிரேசன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் அங்கேயே படுத்துக்கொள்வான். அன்புக்கரசிக்கு அங்கே ஒரு வாசம் அடித்தது. ஆட்டு ரோமம். சாணப்புகை. கதவை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே ஓசை வரும்.

டொக்.

கல்லின் மேல் கல்லை வைக்கும் ஓசை. போய்ப் பார்த்தால் எழில் மட்டும் உட்கார்ந்திருப்பாள். எதிரில் மிச்சமிருந்த நான்கு கூழாங்கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்.

"ஆரு கண்ணு அடுக்கினது?"

"அந்தப் பாப்பாங்க."

"எந்தப் பாப்பா?"

எழில் மூலையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது.

"செவப்புத் துணியில மூஞ்சியை மூடிட்டே இருப்பாளுங்க. அவளுக்கு மூஞ்சி முழுசா இல்லீங்கம்மா."

வெளியே விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அதன் ஓசை அடங்கும்வரை எழில் காத்திருந்தாள்.

"என்னோடதைக் குடுன்னு கையில காட்டறா."

அன்புக்கரசி அன்றே மகளைத் தன்னோடு படுக்கவைத்துக்கொண்டாள். சின்ன அறையைப் பூட்டினாள். பூட்டிய அறைக்குள்ளிருந்து எழிலின் சிரிப்பு கேட்கும். எழில் பூட்டுக்கு வெளியே, கதவில் காதை வைத்து நின்றுகொண்டிருப்பாள். பங்குனியில் குழந்தை இளைத்தாள். சோற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். மணாலியில் வாங்கிய ஸ்வெட்டரைக் கோடை வெயிலில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். டவுனில் இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். கதிரேசன் சத்து டானிக் வாங்கி வந்தான். தன் குழந்தையின் கைகள் ஏன் ஐஸ் கட்டியாக இருக்கின்றன என்று அவனுக்குப் புரியவில்லை. அவனிடம் அன்புக்கரசி எதையும் சொல்லவில்லை. சொன்னால், தோளில் தூக்கி வைத்துக் காட்டியது எதை என்பது அவனுக்கும் தெரிந்துவிடும்.

ஒரு மத்தியானம் அவள் பூட்டைத் திறந்து வாசலில் நின்றாள். உள்ளே குளிர் சுவர்போல நின்றது.

"போயிரு சாமி" என்றாள் மெதுவாக. "இது உன்ற ஊடு இல்லை."

தன் குரல் அவள் காதிலேயே விழுந்தது. குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்தவளின் குரல் அது. அதே இனிமை.

மூலையில் கல் ஒன்று விழுந்தது.

அன்று மாசாணத்துக்குப் போன் போட்டாள். முகாம் அலுவலகத்தின் ஒற்றை போனுக்கு அவனை வரவழைக்க வெகுநேரம் பிடித்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் காற்று இரைந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க்கா" என்றான்.

"அந்த ஊட்டைப் பிரிச்சுப் போடு தம்பி. எடுத்த கல்லையெல்லாம் எடுத்த எடத்துல வெச்சிரு. ஒண்ணு பாக்கி இல்லாம வெச்சிரு."

அந்தச் சரிவு முழுக்கப் பனிக்கடியில் கிடக்கிறது, வைகாசிக்கு முன்னால் கல்லைக் கண்ணால் பார்க்க முடியாது என்றான். அவள் காத்திருந்தாள். சித்திரை முழுக்கக் காத்திருந்தாள். எழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சில நேரம் அவள் முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் இருக்கும். மெழுகு மாதிரி. அன்புக்கரசி அந்தக் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றுவாள். இரவெல்லாம் அந்தச் சில்லிட்ட விரல்கள் அவள் காது மடலை விடாமல் பிடித்திருக்கும்.

வைகாசியில் ஒரு மதியம் போன் அடித்தது.

"ஆச்சுங்க்கா. இப்பத்தான் வாரேன்" என்றான் மாசாணம். மூச்சு வாங்கியது. "எல்லாக் கல்லும் அந்தக் கல்லுக் குமிமேல வெச்சுப் பொருத்திட்டேன். விரல் நுழைய எடமில்லீங்க."

அவளுக்குக் கண் நிறைந்தது. "நல்லாயிருப்பே தம்பி" என்றாள்.

"ஒண்ணு பாக்கி இல்லீங்க. நீங்க சொன்ன மாதிரியே. ஊட்டுக்குள்ள சின்னதா மூணு கல்லு கெடந்துச்சு. ரெண்டு சாதாக் கல்லு, ஒண்ணு வெள்ளைக் கூழாங்கல்லு. அதுகளையும் நடுவுல போட்டு மூடிட்டேன்."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பற்றினாள்.

"அக்கா?"

இது நானுங்க என்று எழில் வைத்த கல்.

"அக்கா, லைன்ல இருக்கறீங்களா?"

வீட்டுக்குள் ஏதோ மாறிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. குளிர் இல்லை. சின்ன அறைக் கதவு திறந்து கிடந்தது. வாசம் போயிருந்தது. புதுச் சிமெண்டின் மணமும் வெயிலும் மட்டும் இருந்தன. அறைக்குள்ளிருந்து எழில் வந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டிருந்தாள். இரண்டு கன்னத்திலும் ரத்தம் ஓடியது.

"அம்மா, பசிக்குதுங்க."

வட்டிலில் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். இன்னும் கேட்டாள். சாயங்காலம் வந்த கதிரேசன் மகளைத் தூக்கிச் சுற்றினான். டானிக் வேலை செய்கிறது என்று தெருவெல்லாம் சொன்னான். அன்புக்கரசி சுவரோரம் நின்று பார்த்தாள். எழிலின் கண். எழிலின் மூக்கு. எழிலின் குரல்.

குழந்தை நான்கு கூழாங்கற்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தது. தூக்கிப் போட்டுப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தெரியாததுபோலப் புரட்டிப் பார்த்தது. பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது.

படுக்கையில் காது மடலைத் தேடி வரவில்லை. விலகிப் படுத்து, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது.

மறுநாள் தலைக்கு ஊற்றி, ஈரம் சொட்டக் குழந்தையைக் கையைப் பிடித்துச் சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். சிமெண்டுக் காலடியைக் காட்டினாள்.

"இதுல காலை வெய்யி கண்ணு."

வைத்தது.

பொருந்தியது.

அதன்பிறகு சில நாட்கள் அன்புக்கரசி வேலைக்குப் போகவில்லை. பேசவும் இல்லை. உடம்புக்கு என்ன என்று கதிரேசன் கேட்டால் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் சந்தோஷமாக இருந்தான். மகள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து வறுத்த தானியம் கேட்டாள்; அவனும் பொரியும் கடலையும் வாங்கி வந்து கொட்டினான். அவனிடம் எதைச் சொல்வது? இது நம் குழந்தை இல்லை என்றா? அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவான். பிறகு வீட்டில் அவனும் அந்தக் குழந்தையும் மட்டும் இருப்பார்கள்.

மறுபடி போன் அடித்தபோது அவள் மட்டும் எடுக்கும் தூரத்தில் இருந்தாள். மாசாணத்தின் குரலை முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, அந்தக் குமிக்குள்ள ஆரோ பேசறாங்க."

அவள் காதோடு ரிசீவரை அழுத்தினாள்.

"ஊருக்காரங்க பயந்துட்டு என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்களுக்கு அந்தப் பேச்சு வெளங்கலை. எப்படி வெளங்கும்?" அவன் அழுதுகொண்டிருந்தான். "நம்ம பேச்சுங்க்கா. 'அம்மா, குளுருதுங்க. மேல கனமா இருக்குதுங்க'ன்னு. நான் கேட்டேன்."

பக்கத்தில் குழந்தை வந்து நின்றது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

"எடுத்துப் போடட்டுங்களா? சொல்லுங்க்கா. நான் இப்பவே போய்க் கல்லை எடுத்துப் போடறேன்."

"எடு" என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஆனா அந்தச் சிறுத்தை மேல பாறையில உக்காந்திருக்குதுங்க. நேத்திருந்து. கல்லு போட்டு வெரட்டினாலும் போக மாட்டீங்குது. குமியையே பார்த்துட்டு இருக்குது."

வாயில் சிவப்பாக வைத்திருக்கிறது என்று எழில் கை தட்டியது அவளுக்குக் கேட்டது. இழுபட்டுக்கொண்டு போன அந்தத் துணியை அவள் பார்த்தாள். மெழுகு மாதிரி அசையாமல் போன கன்னத்தைப் பார்த்தாள். கல்லை எடுத்தால் எழில் வீட்டுக்கு வருவாளா, இல்லை பாறையில் காத்திருப்பதன் வாய்க்குப் போவாளா? யாருக்குத் தெரியும். யாரைக் கேட்பது.

கம்பியில் காற்று இரைந்தது. ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்கு இரைந்தது. மாசாணம் காத்திருந்தான்.

"எடுக்காதே" என்றாள்.

"அக்கா—"

"இன்னும் வெய்யி தம்பி. பெரிய கல்லாப் பார்த்து வெய்யி. அது தோண்ட முடியாதபடிக்கு வெய்யி."

ரிசீவரை வைத்தாள். குழந்தை இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மகளின் கண்களால்.

"அம்மா, இது என்ற ஊடுதானுங்களே? ஆரும் என்னைப் போகச் சொல்ல மாட்டாங்கல்ல?"

அன்புக்கரசி தன் முந்தானையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"மாட்டாங்க கண்ணு" என்றாள்.

அன்று மத்தியானம் வீடு வெயிலில் கிடந்தது. குழந்தை முன்னறையில் முகத்தை மூடிக்கொண்டு தூங்கியது. அன்புக்கரசி சின்ன அறைக்குப் போய்த் தரையில் ஒருக்களித்துப் படுத்து, காதைச் சிமெண்டில் வைத்தாள். தரை கொதித்தது. கீழே எங்கோ, மிக ஆழத்தில், ஓசை வந்தது.

டொக்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி. இது இன்னும் கனமான கல். தம்பி அவள் சொன்னபடி பார்த்துப் பார்த்து வைக்கிறான். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் ஒரு சின்ன மூச்சு விக்கியது. அவள் எண்ணவில்லை. அழவும் இல்லை. எல்லாக் கல்லும் விழுந்து முடியும்வரை காதை எடுக்காமல் படுத்திருந்தாள்.

பிறகு மூச்சும் கேட்கவில்லை.

முன்னறையில் குழந்தை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அது அங்கேதான் இருந்தது. இந்த அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கொதிக்கும் தரைக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவே ஏதோ ஊர்ந்தது. சில்லென்றிருந்தது. மண் ஒட்டிய சின்ன விரல்கள் இரண்டு அவள் காது மடலைத் தேடி வந்தன. தேடிப் பிடித்தன.

பிடித்துக்கொண்டு, தூக்கம் வராத குழந்தையைப் போல, மெதுவாகக் கீழே இழுத்தன.